பதுளைக் கிளைக்கு மூன்று தந்திகள்

கிளைக் காரியதரிசிகளாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே,

நோட்டுப் புத்தகங்களை மூடிவையுங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி, மனு எழுதுவது எப்படி என்பதையெல்லாம் நாளைக்கு வேறொருவர் வந்து சொல்லித் தருவார். அவருக்குச் சட்டம் தெரியும், என்னைவிட நன்றாகவே சொல்வார். எனக்குத் தெரிந்தது, ஒரு காரியதரிசி எந்த இடத்தில் கோட்டை விடுவான் என்பதுதான். இத்தனை வருஷத்தில் நான் விடாத கோட்டை இல்லை. அதில் முதலாவதும் பெரியதுமான ஒன்றை இன்று சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள். அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளைக்கு ரயில் வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பலசரக்குக் கடை. உலகத்து உழைப்பாளிகளையெல்லாம் ஒன்றுசேர்க்கப் போகிறோம் என்று சொல்லி லண்டனில் சிலர் ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அதற்குச் சென்னையில் ஒரு கிளை, கொழும்பில் ஒரு கிளை, பதுளையில் ஒரு கிளை. எதிரெதிரே கடை வைத்திருந்த இருவரில் புடவைக்கடைக்காரர் பதுளைக் கிளைக்குத் தலைவர், மருந்துக்கடைக்காரர் உபதலைவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்ற இரண்டே காரணத்துக்காக நான் காரியதரிசி. உலகத்து உழைப்பாளிகளை ஒன்றுசேர்க்க வந்த எங்கள் மூவரில் ஒருவருக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியாது.

லண்டன் தலைமையகத்தில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். சங்கப் பத்திரிகையில் அவர்களுடைய படத்தைப் பார்த்திருக்கிறோம். ஒருவருக்குத் தாடி, மற்றவருக்குக் கண்ணாடி. பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் தாடிக்காரர், கண்ணாடிக்காரர் என்றே சொல்வோம். தாடிக்காரர் எழுதும் கடிதம் கொழும்பு வழியாக நேரே வந்துவிடும். கண்ணாடிக்காரருடையது சென்னைக்குப் போய், அங்கே நாலு பேர் படித்து, ஓரத்தில் அபிப்பிராயம் எழுதி, அதன் பிறகு கப்பலேறி எங்களிடம் வந்து சேரும்.

ஒரு நாள் தாடிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நமக்குள் இருந்த பிணக்கு தீர்ந்துவிட்டது, நடந்ததை எல்லோரும் மறந்துவிடவேண்டும் என்று எழுதியிருந்தார். பிணக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் தலைமையகம் சொல்லிவிட்டதே! என்னவென்று தெரியாததை மறந்துவிட்டதாக ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். மூன்று வாரம் கழித்துச் சென்னை வழியாகக் கண்ணாடிக்காரரின் கடிதம் வந்தது. அது சமாதானத்துக்கு முன்னால் எழுதிய கடிதம். தாடிக்காரரை நம்பாதீர்கள், அவர் சங்கத்தைக் குட்டிச்சுவராக்குகிறார் என்று பன்னிரண்டு பக்கம்.

படித்து முடித்ததும் மருந்துக்கடைக்காரர், "நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

புடவைக்கடைக்காரர், "என்னத்தய்யா நினைச்சீரு? தாடிக்காரர் தங்கமான மனுஷன்" என்றார்.

லண்டனில் தீர்ந்துபோன சண்டையை அன்றைக்குப் பதுளையில் நாங்கள் புதிதாக ஆரம்பித்தோம். அது தீரவே இல்லை. ஒரே தெருவில் எதிரெதிரே இருபது வருஷம் கடை நடத்தியவர்களுக்குள் சண்டைக்கு விதை முன்பே இருந்திருக்கும். லண்டன் அதற்குத் தண்ணீர் ஊற்றியது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் தாடிக்காரரும் கண்ணாடிக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு உத்தரவு அனுப்பினார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில், பகல் இரண்டு மணிக்கு, எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் உழைப்பாளிகளின் கூட்டம் நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஒரே நேரம் என்றால் யாருடைய இரண்டு மணி என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். லண்டனில் இரண்டு மணி என்றால் நமக்குப் பொழுது சாய்ந்து, ஏழரை ஆகிவிடும். அது சரியில்லை, நம்முடைய இரண்டு மணிதான் என்றார் புடவைக்கடைக்காரர். அப்படியானால் லண்டன்காரர்கள் காலைப் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் கூட்டம் போடவேண்டும் என்றார் மற்றவர். இதற்கு மூன்று அமர்வு ஆனது. கடைசியில் நம்முடைய இரண்டு மணியே நிலைத்தது. நான் அழகாக எழுதிக்கொண்டேன்.

கூட்டத்தை எங்கே நடத்துவது? அதுதான் பெரிய சிக்கல். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுப்பார்கள். தோட்டத்து ஆட்களோ வேலை நாளில் வெளியே வரமுடியாது. இங்கேதான் உங்கள் காரியதரிசி தன் மூளையைக் காட்டினான்.

பசறை ரோட்டில் நாலாம் மைல் கட்டைக்குப் பக்கத்தில், மூன்று தோட்டங்களின் எல்லை சேரும் இடத்தில் ஒரு சுடுகாடு இருந்தது. எரிக்கவும் புதைக்கவும் மூன்று தோட்டத்துக்கும் அது பொது. சாவுக்கு வருகிறவனை அங்கே யாரும் தடுப்பதில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடுவதற்குத் தப்பு அடிப்பார்கள், திருவிழாவுக்கு அடிப்பார்கள், சாவுக்கும் அடிப்பார்கள். அடி ஒவ்வொன்றுக்கும் வேறு. சாவு அடி கேட்டால் மூன்று தோட்டத்து ஆட்களும் மத்தியானத்தோடு வேலையை விட்டுவிட்டுச் சுடுகாட்டுக்குப் போகலாம். அந்த அரை நாளைத் துரைமார் மறுப்பதில்லை. ஆகவே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாவு அடி அடித்துவிட்டால் இரண்டு மணிக்கு ஆயிரம் பேர் சுடுகாட்டில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

தப்பு அடிப்பவர் பெயர் மாரிமுத்து. நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருவார். சங்கத்தில் சேர்வதற்கு முன்னால் நான் அவரை "ஏம்பா" என்று கூப்பிடுவேன், சேர்ந்த பிறகு "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்த மாற்றத்தைக் கவனித்து அவர் மனதுக்குள் சிரித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

யோசனையைச் சொன்னதும் அவர், "செத்தது யாருன்னு கேப்பாங்களே, சின்ன மொதலாளி?" என்றார்.

"கூட்டம் சேர்ந்ததும் நாங்களே விளக்கமா சொல்லிடுவோம்ணே."

"கூட்டத்துக்குச் சொல்லுவீங்க. தொரைக்கு யாரு சொல்றது?"

பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மா பருப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பொய்ச் சாவு அடிச்சான்னு தெரிஞ்சா அடுத்த நாளே லயத்த காலி பண்ணச் சொல்லிருவாங்க. துண்டும் குடுக்க மாட்டாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிக்கிட்டு நாங்க எங்கங்க போறது?" என்று நேராகக் கேட்டார். லயம் என்பது தோட்டம் கொடுக்கும் வரிசைக் குடியிருப்பு, துண்டு என்பது ஒரு தோட்டத்திலிருந்து விலகும்போது தரும் சீட்டு. அது இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

நான் நெஞ்சில் கை வைத்து, "நான் பொறுப்பு" என்றேன்.

மாரிமுத்து சாமான் சாக்கின் வாயைக் கட்டினார். "மூணு தோட்டத்து ஆளும் ஒரு எடத்துல ஒக்காந்து பேசுனா நல்லாத்தான் இருக்கும். அடிக்கிறேன். ஆனா ஏதும் மாத்தம்னா மொதல்ல எனக்குச் சொல்லிவிட்டுருங்க" என்றார்.

தம்பிமாரே, பொறுப்பு என்ற சொல்லை இருபத்துமூன்று வயதில் சொல்வதைப் போல் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை.

குறித்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தந்தி சேவகன் வந்தான். தாடிக்காரர் அனுப்பியிருந்தார்: கூட்டம் ரத்து, கண்ணாடிக்காரரைச் சங்கத்திலிருந்து விலக்கிவிட்டோம். ஒன்பதரைக்கு அதே சேவகன் திரும்ப வந்தான். கண்ணாடிக்காரர் அனுப்பியிருந்தார்: கூட்டம் நடக்கும், தாடிக்காரரைச் சங்கத்திலிருந்து விலக்கிவிட்டோம். பத்து மணிக்குக் கொழும்புக் கிளையிலிருந்து மூன்றாவது தந்தி: லண்டன் தந்தி எதையும் நம்பவேண்டாம், விவரம் தபாலில் வருகிறது. தபால் வர இரண்டு நாள் ஆகும்.

மூன்றாவது தந்தியைக் கொடுத்துவிட்டு அந்தச் சேவகன், "இன்னிக்கு உங்களுக்கே வேலை செய்யறேன். இங்கேயே உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

புடவைக்கடையின் பின்னறையில் அவசரக் கூட்டம் கூடியது. ரத்து என்றார் தலைவர். நடக்கும் என்றார் உபதலைவர். முதலில் வந்த தந்திதான் செல்லும் என்றார் ஒருவர், கடைசியாக வந்ததுதான் செல்லும் என்றார் மற்றவர். கடைசியாக வந்தது கொழும்புத் தந்தி என்பதை நான் நினைவூட்டினேன். கொழும்புக்கு என்ன தெரியும் என்று இருவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

"எப்படியும் மாரிமுத்துக்குச் சொல்லியனுப்பணும்ங்க. பன்னெண்டுக்கு அடிச்சிடுவாரு" என்றேன்.

"தீர்மானம் இல்லாம ஆள் அனுப்ப விதியில எடமில்ல" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எந்த விதி? தாடிக்காரர் போட்ட விதியா, உங்க ஆளு போட்ட விதியா?" என்றார் புடவைக்கடைக்காரர்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நன்றாகக் கேளுங்கள். வெளியே என் சைக்கிள் நின்றது. கதவு திறந்திருந்தது. நாலு மைல் ஏற்றத்தை ஒரு மணி நேரத்தில் மிதித்திருக்கலாம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. காரியதரிசி என்பவன் தீர்மானத்தை எழுதவேண்டியவன், அதற்கு முன்னால் எழுந்து போனால் பதவி போய்விடும் என்று பயந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அவர்கள் விதி ஏழின் உட்பிரிவில் இருந்தார்கள். நான் குறிப்புப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். தந்திகள் மூன்றும் அதற்குள்ளேயே இருந்தன.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. ரோடு முழுக்கச் சனம். செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேல் லயத்துக்காரர்கள் கீழ் லயத்தில் என்று நினைத்தார்கள், கீழ் லயத்துக்காரர்கள் பக்கத்துத் தோட்டத்தில் என்று நினைத்தார்கள். தெரியாவிட்டால் என்ன, சாவு சாவுதானே? பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். வீராசாமி என்ற கிழவர் இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். அவர்தான் போய்விட்டார் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்த உறவுக்காரர்கள் கோடித்துணியோடு அவர் வாசலுக்கே போய் ஒப்பாரியை எடுத்திருக்கிறார்கள். கிழவர் எழுந்து வெளியே வந்து, "யாருடா செத்தது, எனக்குத் தெரியாம?" என்று அதட்டியிருக்கிறார். பிறகு அந்தக் கோடித்துணியையே வாங்கிப் போர்த்திக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து அவரும் சாவுக்குக் கிளம்பிவிட்டார்.

சுடுகாட்டில் மாரிமுத்து தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. நான் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். தெளிந்த முகம் அப்படியே இருண்டது.  பக்கத்தில் நின்ற பேச்சியம்மா, "நீங்க பொறுப்புன்னீங்க" என்றார்.

அதற்குள் மாரிமுத்துவின் தோட்டத்துத் துரை குதிரையில் வந்துவிட்டார். கூடவே கணக்கப்பிள்ளை ஆட்களின் பேர்ப் பதிவேடான இடாப்போடு ஓடிவந்தார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்.

"யார் செத்தான்? பேர் சொல்லு."

கணக்கப்பிள்ளை இடாப்பைப் புரட்டி, "நம்ம பேர்ல யாரும் குறையலைங்க தொரை. மத்த ரெண்டு தோட்டத்துலயும் விசாரிச்சாச்சு. வீராசாமியும் இந்தா நிக்கிறாரு" என்றார். வீராசாமி கோடித்துணியோடு ஒரு கும்பிடு போட்டார்.

துரையின் முகம் சிவந்தது. மாரிமுத்துவைக் காட்டி, "இவன் நாளைக்கு லயம் காலி. துண்டு இல்லை" என்றார்.

 பேச்சியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் முன்னால் போனேன், வீரத்தால் அல்ல.

"துரை, அடிக்கச் சொன்னது நான். செத்தது எங்க சங்கம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பின்வாங்க வழியில்லை. மூன்று தந்திகளையும் எடுத்து நீட்டினேன். இந்தச் சங்கத்தைப் பற்றித் துரை ஒரு வருஷமாக அரசாங்கக் கச்சேரிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தவர். முதல் தந்தியை முறைத்துக்கொண்டே படித்தார். இரண்டாவதைப் படிக்கும்போது மீசை துடித்தது. மூன்றாவதில் குதிரை மேலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எல்லோருக்கும் சொல்லு என்று கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தார்.

கணக்கப்பிள்ளை உரக்கச் சொன்னார்: "லண்டன்ல சங்கத்துப் பெரியவங்க ரெண்டு பேரு. இவரு அவர வெளிய போன்னுட்டாராம். அவரு இவர வெளிய போன்னுட்டாராம்."

"அப்ப உள்ள யாருங்க இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆயிரம் பேரும் சிரித்தார்கள். அழ வந்த சனம்!

அந்த நேரம் பார்த்து மாட்டுவண்டியில் தலைவரும் உபதலைவரும் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் விவாதம் நடந்திருக்கவேண்டும், இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. துரை அவர்களைக் கூப்பிட்டு, "உங்கள் சங்கம் செத்தது, மெய்தானா?" என்று கேட்டார்.

புடவைக்கடைக்காரர் வாயைத் திறந்து, மாரிமுத்துவையும் அவர் மனைவியையும் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் மனசாட்சி உண்டு. மருந்துக்கடைக்காரர் மெல்ல, "எந்தப் பிரிவு செத்ததுன்னு தெளிவா சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"ரெண்டும்யா!" என்றார் தலைவர்.

உபதலைவர், "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

பதுளைக் கிளையின் வாழ்நாளில் உருப்படியாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றே. ஊரில் செத்த பிறகு தப்பு அடிப்பார்கள். எங்களுக்குத் தப்பு அடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவு வந்தது.

துரை சும்மா விடவில்லை. செத்தது என்றால் புதை என்றார். குழி வெட்டுவதற்குத்தான் ஆட்கள் தயாராக வந்திருந்தார்களே! தலைவர் வண்டியில் கொண்டுவந்திருந்த சங்கத்தின் முத்திரை, கொடி, என் குறிப்புப் புத்தகம் எல்லாம் குழிக்குள் போயின. இரண்டு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய புத்தகம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று அங்கே மெய்யாக அழுதவன் நான் ஒருவன்தான். மாரிமுத்து முறைப்படி அடித்தார், ஒரு அடி குறைக்கவில்லை.

துரை நியாயஸ்தர், அவர் கணக்கில். சாவு நடந்திருக்கிறது, ஆகவே சாவு அடி அடித்தது தவறில்லை, மாரிமுத்து லயத்திலேயே இருக்கலாம் என்றார். அதே நியாயப்படி அரை நாளையும் கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, இனி எல்லைக்குள் கால் வைத்தால் பிடித்துக் கொடுப்பேன் என்றார். பிறகு சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டார்.

சனம் கலைந்து போகவில்லை. மூன்று தோட்டத்து ஆட்களும், சாவு என்று கிடைத்த அரை நாளில், அந்தப் புல்லில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். உங்க தோட்டத்துல கூடை நெறஞ்சாத்தான் விடுறாங்களா, புள்ளத்தாச்சியையும் மல ஏத்துறாங்களா, லயத்துக் கூரைக்கு யாரு பொறுப்பு என்று பேச்சு நடந்தது. ஒருவரும் தலைமை தாங்கவில்லை. ஒருவரும் நன்றி கூறவில்லை. லண்டன் நினைத்த கூட்டத்தைவிட அது நல்ல கூட்டம். நாங்கள் மூவரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம்.

கிளம்பும்போது நான் மாரிமுத்துவிடம் போனேன். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்ற நப்பாசை. "எப்படியோ காப்பாத்திட்டேன்ணே" என்றேன்.

அவர் தப்புத் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பேச்சியம்மாதான் பதில் சொன்னார்: "மாட்டிவிட்டதும் நீங்கதானுங்களே."

 சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பதுளைக்கு இறங்கினேன். இறக்கத்தில்கூட அன்று ஏறி உட்காரத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து லண்டனிலிருந்து கடிதம் வந்தது. தாடிக்காரரும் கண்ணாடிக்காரரும் சமாதானமாகிவிட்டார்களாம், நடந்ததை மறந்துவிடவேண்டுமாம். நான் பதில் எழுதவில்லை.

சில வருஷம் போனது. தோட்டத்து ஆட்கள் தாங்களே சேர்ந்து பதுளையில் வேறொரு சங்கம் ஆரம்பித்தார்கள். எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என் பெயரை யாரோ சொல்லிவிட்டார்கள். நானும் போய் நின்றேன். அறை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் சுடுகாட்டுக் கதை தெரியும், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். காரியதரிசியாக இவரை வைக்கலாமா என்று கேட்டதும் பின்வரிசையிலிருந்து மாரிமுத்து எழுந்தார். சிரிப்பு நின்றது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், சின்ன மொதலாளி. மேல உள்ளவங்களுக்குள்ள சண்டை. கூட்டம் உண்டா இல்லையான்னு தெரியல. தீர்மானமும் ஆகல. நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

"சைக்கிள எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வருவேன்ணே" என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா சரி என்று தலையாட்டினார். மாரிமுத்து உட்கார்ந்தார். எனக்கு வேலை கிடைத்தது.